இப்படிக்கு, நிர்வாகம்

காலைக் கொஞ்சம் ஒதுக்குங்க தம்பி. தகரம் இடிக்கும்.

மேலே வைக்க முடியாது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கினால் யார் மண்டையில் விழும்னு தெரியாது. மடியிலேயே இருக்கட்டும். துண்டு சுத்தித்தான் வச்சிருக்கேன்.

என்ன போர்டா? கேட்டுட்டீங்க. இனிமேல் அந்த ஒயரைக் காதில் மாட்டக் கூடாது. சேலத்தில் ஏறினீங்க, மதுரையில்தானே இறங்குறீங்க? போதும். நான் சுருக்கமாப் பேசுறவன்.

எனக்கு ராஜபாளையம். பேர் அய்யனார். மில்லில் மேஸ்திரி. ரிட்டையர் ஆயாச்சு. ஆனாலும் மேஸ்திரின்னு கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பேன்.

எனக்கு ஒரு மச்சான் இருக்கார். பெண்டாட்டியோட அண்ணன். தவசிலிங்கம். ஹெட்மாஸ்டரா இருந்தவர். ஊரில் பாதிப் பேருக்கு அவர் 'சார்'. என் மகன் பரமசிவன் அவர் பள்ளிக்கூடத்தில்தான் பிளஸ் டூ எழுதினான். பெயில். "பொதுத்தேர்வுல நான் என்ன செய்ய முடியும் மாப்பிள்ளை"ன்னார். நினைச்சிருந்தால் முடியும். நினைக்கலை. பையன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போனான். இப்பவும் அங்கேதான். புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேருக்கும் ஷிஃப்ட். அதனால் அவன் மகள் முத்துமீனா சின்னதிலிருந்தே எங்ககிட்ட.

அந்தப் பெயிலைக்கூட மன்னிச்சிருப்பேன். அடுத்ததை மன்னிக்க மாட்டேன்.

மச்சான் புது வீடு கட்டினார். பால் காய்ச்சினார். போனோம். பந்தியில் உட்கார்ந்திருக்கோம். முத்துமீனா அப்போதுதான் பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்கே முதல் மார்க். பக்கத்து இலைக்காரர் கேட்டார், "பேத்தியை என்ன படிக்க வைக்கப் போறீங்க மேஸ்திரி?" டாக்டருக்குன்னேன். யோசிச்செல்லாம் சொல்லலை. வாயில் வந்தது, சொன்னேன்.

மச்சான் சாம்பார் வாளியோட எதிரே நின்னார். சிரிச்சார்.

"மாப்பிள்ளை, டாக்டர் சீட்டு என்ன மில் கேன்டீன் டோக்கனா? வரிசையில நின்னா கையில குடுத்துருவாங்களா?"

என் வரிசை சிரிச்சது. எதிர் வரிசை சிரிச்சது. என் பெண்டாட்டி பேச்சியம்மா சிரிச்சாள். அண்ணன் சொன்னால் அவளுக்கு எதுவும் சிரிப்புதான். பேத்திகூட வாயைப் பொத்திக்கிட்டாள். சின்னப் பிள்ளை, அதுக்கு என்ன தெரியும்.

இலையை மூடினேன். எழுந்தேன். பாயசம் அப்போதான் வந்துக்கிட்டிருந்தது. "இந்த வீட்டுப் பந்தியில நான் இனிமே கை நனைக்கணும்னா, என் பேத்தி டாக்டருக்குப் படிக்கணும். அவளைப் பக்கத்துல உக்கார வச்சுத்தான் சாப்பிடுவேன்"னு சொல்லிட்டு வெளியே வந்தேன். செருப்புக் குவியலில் என் செருப்பு கிடைக்கலை. கோபத்தில் காலுக்கு ஏத்ததை மாட்டிக்கிட்டு வந்துட்டேன். அது மச்சான் செருப்புன்னு அப்புறம் தெரிஞ்சது. திருப்பிக் கொடுக்கலை. இந்தா, காலில் கிடக்கே, இதுதான். நல்ல தோல்.

அந்தப் பந்தியில் சிரிச்சவங்க ஒவ்வொருத்தர் முகமும் எனக்குப் பாடம். அரிசிக்கடை சேர்மக்கனி. தாலுகா ஆபீஸ் மாடசாமி. சம்பந்தம் பேச வந்திருந்த யாரோ ஒரு கறுப்புச் சட்டை. அவன் பேர் தெரியாது. ஆனால் சிரிப்பு தெரியும்.

பிளஸ் ஒன் சும்மா போச்சு. பிளஸ் டூ தொடங்கின அன்னிக்கு வேலையில் இறங்கினேன்.

பிளஸ் டூ வீடு எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாததா? நம்ம பக்கம் அது ஏறக்குறையத் துக்க வீடு. கேபிள் கட். கல்யாணம் காதுகுத்து கிடையாது. பத்திரிகை வைக்க வந்தவங்ககிட்ட, "வீட்ல பிளஸ் டூ"ன்னு சொன்னால் அவங்களே தலையை ஆட்டிட்டு இறங்கிப் போயிடுவாங்க. எல்லாரும் செய்றதுதான். நான் ஒழுங்காச் செஞ்சேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

மில் மாதிரி மூணு ஷிஃப்ட். விடியுமுன்னே உயிரியல். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இயற்பியல். சாப்பிட்டபிறகு வேதியியல். நடுவில் நீட்டுக்குன்னு ஒரு கட்டுப் புத்தகம். குக்கர் விசில் கூடாது, கவனம் சிதறும், சோத்தைப் பானையில் வடின்னுட்டேன். பேச்சியம்மா கையில் கொப்புளம். தாங்கிக்கிட்டாள். பால்காரன் மணி அடிக்கக் கூடாது. ஜன்னல் பக்கம் ஒரு முருங்கை மரம், அதில் குருவிச் சத்தம். வெட்டினேன்.

அப்புறம் இந்தப் போர்டு. பஸ் ஸ்டாண்டில் குருசாமின்னு ஒரு பெயின்டர். சொல்லச் சொல்ல எழுதினான். "இங்கு பிளஸ் டூ மாணவி படிக்கிறார். உறவினர், நண்பர் எவருக்கும் அனுமதி இல்லை. கதவைத் தட்டாதீர்கள்."

"கீழ யாரு பேரு போட, அண்ணாச்சி?"

"இப்படிக்கு, நிர்வாகம்னு போடு."

"வீட்டுக்கு எதுக்கு அண்ணாச்சி நிர்வாகம்?"

"எழுதுடா."

கேட்டில் மாட்டினேன். தெருவே வந்து படிச்சது. அதுக்கப்புறம் ஒரு பய கேட்டைத் தாண்டலை.

முதலில் வந்தது ரஹ்மத். அடுத்த தெருப் பிள்ளை. ஒண்ணாங் கிளாஸிலிருந்து ரெண்டும் ஒட்டிக்கிட்டே திரியும். "சேர்ந்து படிக்கிறோம் தாத்தா, அவளுக்கு நான் கெமிஸ்ட்ரி சொல்வேன், எனக்கு அவ பயாலஜி சொல்வா"ன்னது. போர்டைக் காட்டினேன். மறுநாளும் வந்தது. காட்டினேன். அப்புறம் வரலை. பாருங்க, போர்டு வேலையை எவ்வளவு லேசாக்கிடுது! இல்லைன்னால் வாயைத் திறந்து சொல்லணும், பிள்ளை மனசு வருத்தப்படும்.

தீபாவளிக்குப் பரமசிவன் வந்தான். திருப்பூரிலிருந்து பஸ்ஸில் நின்னுக்கிட்டே வந்திருக்கான். கேட்டுக்கு வெளியே நிக்கிறான். கையில் துணிப் பை. மகளுக்குச் சுடிதார். போர்டைப் படிச்சான். சிரிச்சான். நான் சிரிக்கலை.

"அப்பா, நான் அவளைப் பெத்தவம்ப்பா."

"உறவினருன்னுதான எழுதியிருக்கு? நீ உறவினர் இல்லையா?"

"ஒரு நேரம் முகத்தைப் பாத்துட்டுப் போயிருதேன்."

"நீ படிச்ச லட்சணம் எனக்குத் தெரியும். அவளுக்கும் அது ஒட்டிக்கிட்டா?"

பையைக் கேட் மேலே நீட்டினான். வாங்கிக்கிட்டேன். போயிட்டான். சொன்னால் கேட்கிற பையன். திரும்பிப் பார்த்தால் ஜன்னலில் முத்துமீனா. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னாள். அழலை. போய்ப் புத்தகத்தைத் திறந்தாள். அன்னிலேருந்து படிச்சாள் பாருங்க, அது படிப்பு! எப்படியாவது இந்த வீட்டைத் தாண்டிப் போயிடணும்கிற மாதிரி ஒரு வெறி. என் ரத்தம்னு நினைச்சுக்கிட்டேன்.

மச்சானும் வந்தார். நம்ப முடியுதா? கையில் பால்கோவா. போர்டு முன்னால் நின்னு, பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் படிப்பாரே, அப்படிப் படிச்சார்.

"மாப்பிள்ளை, கோவம் என் மேல. அதுக்கு எதுக்கு அந்தப் பிள்ளையைக் கூண்டுல போடுதீரு?"

"டோக்கன் வாங்க வரிசையில நிக்குது மச்சான். நடுவுல யாரும் புகுறாதீங்க."

நல்லாக் கேட்டேன்ல? அவர் முகம் செத்துப் போச்சு. பால்கோவாவைக் கேட் கம்பியில் தொங்கவிட்டுட்டு நடந்தார். நான் அதை எடுத்துப் பக்கத்து வீட்டு நாய்க்குப் போட்டேன். நாய் நல்லாச் சாப்பிட்டது.

ஒரே ஒரு விஷயத்தில் இறங்கி வந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாரியம்மன் கோயிலுக்குப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போகணும்னு பேச்சியம்மா கெஞ்சினாள். சாமி விஷயம். சரின்னேன். போகும்போது உம்முன்னு போற பிள்ளை, வரும்போது முகம் தெளிஞ்சு வரும். நெத்தியில் திருநீறு. சிரிப்புகூட வரும். அடடா, ஆத்தாவுக்கு இவ்வளவு சக்தியான்னு நானே கும்பிட ஆரம்பிச்சேன்.

அப்புறம் ரிசல்ட். பிளஸ் டூவிலும் முதல் மார்க், நீட்டிலும் நல்ல மார்க். கவர்ன்மென்ட் சீட்டு. எம்.பி.பி.எஸ். கையைக் குடுங்க தம்பி. கையைக் குடுங்கன்னா! ஆங்.

பக்கத்தில் மதுரை கிடைச்சிருக்கும். விருதுநகர் கிடைச்சிருக்கும். பிள்ளை தர்மபுரியைக் கேட்டு வாங்கினாள். கம்ப்யூட்டரில் வரிசையாப் போடணும்ல, தூரத்தில் இருக்கிறதையெல்லாம் மேலே போட்டிருக்காள். பேச்சியம்மா ஒரே அழுகை. நான் சொன்னேன், "அறிவு கெட்டவளே, தூரம்னாத்தான் கவனம் சிதறாது. பிள்ளை யோசிச்சுப் போட்டிருக்கா."

கிளம்புற அன்னிக்கு என்கிட்ட வந்து நின்னாள். "தாத்தா, கேட்ல இருக்கிற போர்டை நான் எடுத்துக்கிடவா?" நான் யார் முன்னாலும் கண் கலங்கினவன் இல்லை. அன்னிக்குக் கொஞ்சம் மூக்கு அடைச்சது. எத்தனை பிள்ளைக்கு இந்தப் புத்தி வரும்? கழட்டித் துடைச்சுக் கொடுத்தேன்.

போர்டு போச்சு. ஆனாலும் கேட்டுக்குள் யாரும் வர்றதில்லை. பழகிட்டாங்க. மரியாதை.

இப்போ நடப்புக்கு வர்றேன். நாளைக்கு மச்சான் பேரனுக்குக் கல்யாணம். ராஜபாளையத்தில்தான், பெரிய மண்டபம். பத்திரிகை வைக்க மச்சானே வந்தார். நான் எழுந்திரிக்கலை. பேச்சியம்மா வாங்கி வச்சாள். அவர் போனதும் பத்திரிகையை எடுத்துப் பார்த்தேன். தம்பி, இதுக்குத்தானே காத்திருந்தேன்! அதே ஆட்கள் வருவாங்க. சேர்மக்கனி வருவான். மாடசாமி வருவான். கறுப்புச் சட்டைக்காரன் வந்தால் இன்னும் நல்லது. முத்துமீனாவைக் கூட்டிக்கிட்டு நடு மண்டபத்தில் நடக்கணும். ஒவ்வொருத்தன் இலை முன்னாலும் நிறுத்தணும். "இவருக்கு வணக்கம் சொல்லும்மா, நாளைக்கு இவரு உன்கிட்டதான் நாடி பாக்க வருவாரு"ன்னு சொல்லணும். சாப்பிடுற வாய் அப்படியே நிக்கணும். கடைசியில் மச்சான்கிட்ட. அவரே வாளி எடுத்து எனக்குப் பாயசம் ஊத்தணும். அந்த வெள்ளைக் கோட்டையும் போட்டுக்கிட்டு வரச் சொல்லலாம்னு நினைச்சேன். கல்யாணத்துக்குக் கோட்டான்னு பேச்சியம்மா கேட்டாள். ஏன், போலீஸ்காரன் தொப்பியோட வர்றதில்லையா?

போன் பண்ணினேன். "பரீட்சை இருக்கு தாத்தா, வர முடியாது. நீங்களும் வராதீங்க"ன்னாள். விடுவேனா? நேரில் போய்க் கையோட கூட்டி வந்துடலாம்னு நேத்து சாயங்காலம் பஸ் ஏறிட்டேன்.

பிள்ளை ஹாஸ்டலில் இல்லை. மூணு பிள்ளைகள் சேர்ந்து ஒரு மாடி போர்ஷன் வாடகைக்கு எடுத்திருக்கு. காலையிலேயே போய்ச் சேர்ந்தேன். படி ஏறினேன். கதவு சாத்தியிருக்கு. கதவில் என்ன தொங்குது?

இதுதான். என் போர்டு.

ஒரு மாத்தம் பண்ணியிருக்காள். 'பிளஸ் டூ'வை நகப்பூச்சால் அடிச்சிருக்காள். கீழே 'நிர்வாகம்' இருக்குல்ல, அதையும் அடிச்சுட்டு முத்துமீனான்னு எழுதியிருக்காள். இந்தா, துண்டை விலக்கிக் காட்டுறேன். பார்த்தீங்களா? சிவப்பு. நிர்வாகம் கைமாறிடுச்சு தம்பி! எனக்கு அப்படி ஒரு பெருமை.

எப்படித் தட்டுறது? தட்டக் கூடாதுன்னு எழுதினவனே நான்தான். உள்ளே பிள்ளை படிக்குது. படியிலேயே உட்கார்ந்தேன். வெயில் ஏறினது. தண்ணி தாகம். இருமல் வந்தது, துண்டை வாயில் அடைச்சுக்கிட்டேன். கீழே ஒருத்தன் காய்கறி வண்டியில் ஒலிபெருக்கி வச்சுக் கத்தினான். இறங்கிப் போய், "மேல பிள்ளை படிக்குதுல்ல, வண்டியைத் தள்ளுடா"ன்னு விரட்டிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன்.

மத்தியானத்துக்கு மேல் வீட்டுக்கார அம்மா துணி காயப்போட மாடிக்கு வந்தது.

"யாருங்க பெரியவரே? இங்க எதுக்கு உக்காந்திருக்கீங்க?"

"மெதுவாப் பேசும்மா. பேத்தி உள்ள படிக்குது."

"எந்தப் பேத்தி? உள்ள யாருமில்லைங்களே."

"முத்துமீனா."

"அது நேத்தே ஊருக்குப் போயிருச்சுங்களே. அவங்க தாத்தா சேலத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தாராம், அப்படியே வந்து கூட்டிட்டுப் போனாரு. சார் தாத்தா வர்றாரு, சார் தாத்தா வர்றாருன்னு குதிச்சுக்கிட்டு இருந்துச்சு."

"நான்தாம்மா தாத்தா."

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தது. கையில் ஈரத் துணி சொட்டுது.

"அப்ப அவரு?"

போர்டைப் பார்த்தேன். அந்த அம்மாவும் பார்த்தது. "இது இத்தனை நாளாக் கட்டிலுக்கு அடியிலதாங்க கெடந்துச்சு. நேத்துக் கிளம்புறப்பதான் எங்கிட்ட ஆணியும் சுத்தியும் வாங்கி அடிச்சுது. எதுக்கும்மான்னேன். ஒருத்தர் வருவாரு, அவருக்குப் புரியும்னுச்சு."

யாரைச் சொல்லியிருக்கும்? திருட்டுப் பயலாத்தான் இருக்கும். வீடு பூட்டிக் கிடக்குல்ல. விவரமான பிள்ளை.

என்ன தம்பி பார்க்கிறீங்க? வேறே யாரைச் சொல்லும்?

பஸ் ஸ்டாண்டுக்கு வந்து போன் போட்டேன். பேச்சியம்மா எடுத்தாள். பின்னால் ஒரே கூச்சல், மேளம். மண்டபத்தில் இருக்காள். "எங்க போயித் தொலைஞ்சீங்க? மீனா வந்துட்டா. பரமசிவன், மருமகள் எல்லாரும் வந்தாச்சு. ரஹ்மத்துகூட வந்திருக்கு"ன்னாள். அப்புறம் ஒரு விஷயம் சொன்னாள் பாருங்க. நான் கேட்கவே இல்லை, அவளாச் சொன்னாள். அந்த வெள்ளிக்கிழமைக் கோயிலெல்லாம் கோயில் இல்லையாம். அண்ணன் வீட்டுக்குத்தான் போனாளாம். பிள்ளை அங்கே ரஹ்மத்தோட உட்கார்ந்து டி.வி. பார்க்குமாம், இடியாப்பம் சாப்பிடுமாம், அப்பனோட போனில் பேசுமாம். திரும்பி வரும்போது தெருமுனையில் திருநீறு பூசிக்குவாங்களாம். "அது இல்லைன்னா பிள்ளை பைத்தியமாகியிருக்கும்"ன்னு சொல்றாள்.

அந்த ஆளோட சூழ்ச்சியைப் பார்த்தீங்களா? படிக்கிற பிள்ளைக்கு டி.வி.யைப் போட்டு விட்டிருக்கார்! சீட்டு கிடைக்கக் கூடாதுன்னுதானே? அதையும் மீறி வாங்கினாள்னால், அது யாரோட கண்டிப்பு?

பிள்ளைகிட்டக் குடுன்னேன். குடுத்தாள்.

"தாத்தா, போர்டைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"சரி தாத்தா."

அவ்வளவுதான். கட் ஆயிடுச்சு. டவர் கிடைச்சிருக்காது.

மறுபடி மாடி ஏறினேன். ஆணியோட பிடுங்கினேன். என் போர்டு. எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

கல்யாணத்துக்கா? நானா? யார் தலைகீழா நின்னு தண்ணி குடிச்சாலும் போக மாட்டேன். விடியுறதுக்குள் வீட்டுக்குப் போயிடுவேன். இதைக் கேட்டில் மாட்டுவேன். பூட்டுவேன். உள்ளே உட்கார்ந்திருப்பேன். பந்தி போடுறப்போ மேஸ்திரி எங்கேன்னு கேட்பாங்க. கேட்டுத்தானே ஆகணும்? எல்லாரும் கிளம்பி வருவாங்க. பேச்சியம்மா, பரமசிவன், பேத்தி, மச்சான் எல்லாரும். வந்து கேட் முன்னால் வரிசையா நிக்கணும். போர்டைப் படிக்கணும். படிக்கத் தெரிஞ்சவங்கதானே எல்லாரும்? நான் உள்ளேயிருந்து பார்ப்பேன். ஒருத்தனுக்கும் திறக்க மாட்டேன்.

என்ன கேட்டீங்க?

வரலைன்னா?

வருவாங்க தம்பி. வராமல் எப்படி? வந்தால்தானே நான் திருப்பி அனுப்ப முடியும்.